வியாழக்கிழமை வாழை

“இந்த வாழையை எடுத்துடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது, ரூபிஜி?” என்றார் செக்ரட்டரி பட்நாகர்.

ரூபி திரும்பிப் பார்க்கவில்லை. மீன் கழுவிய தண்ணீரை வாழையின் அடிமூட்டில் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு மீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விட மனம் வராது. செடிக்கு அதைவிடச் சத்தான சாப்பாடு கிடையாது என்பது அவர்கள் கட்சி. பட்நாகர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

“இது காமன் ஏரியா. புல்லுக்கும் ரோஜாவுக்கும் மட்டும்தான் பர்மிஷன். சாப்பிடற சாமான் எதுவும் வளர்க்கக்கூடாது,” என்று சொல்லி, ஓர் இலையைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினார்.

ரூபியின் இந்தி, நர்ஸ் வேலையில், ஆஸ்பத்திரி வார்டில் கற்றது. வலிக்கிறதா, வாயைத் திற, திரும்பிப் படு, கையை எடு. இவ்வளவுதான் தடையில்லாமல் வரும். அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டாள்.

“ஹாத் மத் லகானா,” என்றாள். கை வைக்காதே.

கையில் ஏற்றியிருக்கும் ஊசியைப் பிடுங்கப் பார்க்கும் நோயாளிகளிடம் பேசும் குரல் அது. பட்நாகர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“திங்கட்கிழமை தோட்டக்காரனைக் கூட்டிட்டு வருவேன். வேரோட பிடுங்கிடுவான்.”

“பிடுங்கட்டு. நானும் நின்னு பாக்குதேன்,” என்றாள் ரூபி தமிழில். அர்த்தம் அவருக்குப் புரியவில்லை. குரல் புரிந்தது. போய்விட்டார்.

பட்நாகரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. ஆபீசில் அவர் தலைக்குமேல் அடுக்கடுக்காக அதிகாரிகள். இந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் மட்டும்தான் அவர் சொல் எடுபடும். குடியிருப்போர் சங்கத்து செக்ரட்டரி என்ற முறையில் துணி காயப்போடும் கயிற்றுக்கும், ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்கும், ஹோலிக்கு ஊற்றும் தண்ணீருக்கும் விதி வகுத்து வைத்திருந்தார். வாழைக்கு விதி இல்லாதிருந்தது. ரூபியின் புண்ணியத்தில் அதுவும் வந்துவிட்டது.

உள்ளே அவள் புருஷன் அகஸ்டின் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அமைச்சகம் ஒன்றில் உதவி செக்‌ஷன் ஆபீசர். பயந்த சுபாவம்.

“ஏ பிள்ள, எடுத்துருவோமா? அந்தாளு எங்கேயாவது எழுதிப்போட்டா என் வேலைக்கில்லா வினை வரும்.”

“எடுக்கலாம். எடுத்துட்டு நானும் ரயிலேறட்டா?”

அகஸ்டினால் அதற்குமேல் பேச முடியாது. காரணம் இருந்தது.

தில்லிக்கு வந்த நாளிலிருந்து ரூபி சரியாக இல்லை. துன்பம் என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் கிடையாது. நல்ல வேலை, நல்ல வீடு, நல்ல புருஷன். ஆனாலும் டியூட்டி முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவாள், கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். “என்ன பிள்ள?” என்றால் “ஒண்ணும் இல்ல” என்பாள். அகஸ்டின் சோறு வைத்து, குழம்பு என்ற பெயரில் ஏதோ ஒன்றும் வைத்து எழுப்புவான். இரண்டு வாய் தின்றுவிட்டு மறுபடி சுவர். ஊரெல்லாம் அவளிடம் வைத்தியம் கேட்டது. அவளுக்கு என்ன வைத்தியம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு மார்ச் மாதம் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவள், திரும்பி வரும்போது ரயிலில் ஈரச் சாக்கில் சுற்றிய மட்டி ரக வாழைக்கன்று ஒன்றைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். வாசலுக்கு நேரே குழி தோண்டினாள்.

“இது இஞ்ச பிடிச்சா நானும் இருக்கேன். பட்டுப்போச்சுன்னா என்னைய ஊருக்கு ரயிலேத்தி விட்டுருங்க,” என்றாள்.

அன்றிலிருந்து அகஸ்டின் விடிந்ததும் முதல் வேலையாக வாசலுக்கு ஓடி வாழையைப் பார்த்தான். முதல் குருத்து விரிந்த அன்று ரூபி தட்டு நிறையச் சோறு தின்றாள். இரண்டாவது இலைக்குப் பாட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடும் கீர்த்தனையை அவள் உரக்கப் பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவதை, துணி காயப்போட வந்த மாடிவீட்டுப் பெண்கள் பால்கனியில் நின்று கேட்டார்கள். மழைக்காலம் வந்ததும் வாழை ஆள் உயரம் ஆனது. அதனால்தான் பட்நாகரின் கண்ணிலும் பட்டது.

திங்கட்கிழமைக்கு முன்னால் வியாழக்கிழமை வந்தது.

காலையில் ரூபி கதவைத் திறந்தால் வாழையைச் சுற்றிப் பெண்கள். நடுவில் பட்நாகரின் மனைவி சரோஜ், ஒரு கையில் பித்தளைச் சொம்பு, மறு கையில் மணி. பக்கத்தில் மாடிவீட்டு மீனாக்ஷி. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி, மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

“என்னக்கா இது?”

“இங்கெல்லாம் வியாழக்கிழமைன்னா வாழைக்குப் பூஜை பண்ணுவா, ரூபி. குரு பகவான் இருக்கார்னு நம்பிக்கை. மஞ்சக் கயிறு, கடலைப்பருப்பு, வெல்லம். அவ்ளோதான். நீ ஒண்ணும் பேசாம நில்லு.”

“நான் இத திங்கியதுக்கில்லா வச்சிருக்கேன்?”

“அச்சா, அச்சா. அப்புறமா திங்கலாம்.”

சரோஜ் செல்போனைப் பார்த்துப் பார்த்து ஏதோ கதை படித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். தடுமாற்றத்தை மணி அடித்துச் சமாளித்தாள். மஞ்சள் கயிற்றை வாழையின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். வாழைப்பழத்தை இன்றைக்கு யாரும் தின்னக்கூடாது என்று ரூபிக்கும் சேர்த்து உபதேசம் செய்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பட்நாகர் தோட்டக்காரனோடு வந்தார். தோட்டக்காரன் மஞ்சள் கயிற்றைப் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே வைத்தான். செருப்பைக் கழற்றினான்.

“சாஹிப், என் பொண்ணுக்கு இப்பதான் வரன் பார்த்திட்டிருக்கேன்,” என்றான். வாழையைக் கும்பிட்டுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

பட்நாகர் வாழையைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். அங்கே சரோஜ் நின்றுகொண்டிருந்தாள். மெல்ல இரண்டு கையாலும் காதைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவரும் நடையைக் கட்டினார். ரூபி வாய்விட்டுச் சிரித்தாள். யார் இப்படிச் சிரிப்பது என்று பார்க்க அகஸ்டின் உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

சிரிப்பு அடுத்த வியாழன் வரைதான்.

ரூபி வழக்கம்போல மீன் தண்ணீரோடு வெளியே வந்தாள். பக்கத்து பிளாக்கிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் அம்மா, “என்ன தண்ணி இது?” என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் ரகளை. ரூபி அவசரத்துக்கு, “கன்னியாகுமரி தண்ணி,” என்றாள். மீன் கடல் மீன் என்ற அளவில் அது முழுப் பொய்யும் இல்லை.

மூன்று கடலும் கூடும் இடத்துத் தீர்த்தமா என்று அந்த அம்மா பரவசப்பட்டு, ரூபி தடுப்பதற்குள் இரண்டு விரலை விட்டுத் தலையில் தெளித்துக்கொண்டாள். ரூபிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அந்த அம்மாவுக்கு அன்று சாயங்காலமே முழங்கால் வலி குறைந்துவிட்டதாம். அடுத்த வியாழன் ஆறேழு முழங்கால்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“இது சரிப்படாது. உள்ளத சொல்லிர வேண்டியதுதான்,” என்று தீர்மானித்த ரூபி, கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். தான் கிறிஸ்தவள் என்றும், வாழை வைத்தது சமையலுக்கு என்றும், வார்டு இந்தியில் முடிந்த மட்டும் சொன்னாள்.

முழங்கால் அம்மா ரூபியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர்.

“நம்ம சாமிக்கு இவ தண்ணி ஊத்தறா பாருங்க. இவளைப்போல நமக்கு யாருக்கு மனசு இருக்கு?”

அதற்கப்புறம் பக்கத்துக் காலனியிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே குரங்கும் நேரிலேயே வந்தது. வெல்லமும் கடலைப்பருப்பும் இருக்கும் இடம் தில்லிக் குரங்குகளுக்குத் தெரியாமல் போகுமா? அவை ரூபியின் ஜன்னல் வழியாக வந்து, வறுத்து வைத்த மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போயின.

பனிக்காலத்தில் வாழைக்கு அவள் சாக்கு சுற்றினாள். சாமிக்குச் சாக்கா என்று கேட்டு அதை எடுத்துவிட்டு மஞ்சள் சால்வை போர்த்தினார்கள். ஈஸ்டருக்கு ஆஸ்பத்திரித் தோழிகள் லூசியும் ஜூலியாவும் சாப்பிட வருகிறார்கள் என்று இலை அறுக்கப் போனாள். எங்கிருந்தோ விசில் சத்தம் வந்தது. காலனிக் காவலாளி.

“மேடம், இலையைத் தொடக்கூடாதுன்னு செக்ரட்டரி சாப் எனக்கு டியூட்டி போட்டிருக்கார்.”

வாசலில் வாழையை வைத்துக்கொண்டு அகஸ்டின் ஆட்டோ பிடித்து மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலை வாங்கி வந்தான். வந்தவன் இலையைப் பையில் மறைத்துக்கொண்டு, திருடனைப்போல வாழையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

வெயில் காலத்தில் வாழை குலை தள்ளியது. வாழைப்பூவையாவது தேங்காய் போட்டுத் துவரன் வைக்கலாம் என்று ஆசைப்பட்டாள். அதற்கும் கற்பூரம் காட்டினார்கள். ஒரு வியாழக்கிழமை வெளியே மணி அடித்துக்கொண்டிருந்தபோது, அகஸ்டின் அறைக்குள் எட்டிப் பார்த்தான். ரூபி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவன் ஓடி வந்தான். “பிள்ள, மறுபடியுமா?”

“நட்டது நான். தண்ணி ஊத்தினது நான். இப்பம் என்னைய தள்ளி நில்லுன்னு சொல்லுதாவ. பின்ன எனக்கு இஞ்ச என்ன இருக்கு?”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் காலைப் பிடித்துவிட்டான்.

மறுநாளே பட்நாகர் ரூபியின் வீட்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. காமன் ஏரியா கைவிட்டுப்போன வருத்தம் எப்போதோ தீர்ந்து, அவர் இப்போது வாழையின் தர்மகர்த்தா ஆகியிருந்தார்.

“நல்ல சேதி, ரூபிஜி. வாழையைச் சுத்திப் பளிங்கு மேடை கட்டறோம். இரும்பு வேலி. வர்ற வியாழக்கிழமை பூமி பூஜை. அடியில சின்னச் சின்னதா முளைச்சிருக்கே, அதையெல்லாம் எடுத்துட்டு சிமென்ட் பூசிட்டா நீட்டா இருக்கும்.”

ரூபிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்னச் சின்னதாக முளைத்திருந்தவைதான் கன்றுகள். குலை போட்ட தாய் வாழைக்கு இனி வாழ்வு கிடையாது. குலையை வெட்டி, தாயைச் சாய்த்தால்தான் கன்று தழைக்கும். வாழையை ஒரு நாளாவது வளர்த்தவர்களுக்கு இது தெரியும். கும்பிட மட்டும் செய்தவர்களுக்கு எப்படித் தெரியும்? கன்றுகளின் மேல் சிமென்ட் விழுந்தால் அவள் நட்டது அத்தோடு முடிந்தது. அவளும் முடிந்தாள்.

மீனாக்ஷியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பட்நாகரின் வீட்டுக்குப் போனாள். சரோஜ் கையில் தட்டோடு கதவைத் திறந்தாள்.

“சார், காமன் ஏரியாவுல திங்கிய சாமான் வைக்கப்பிடாதுன்னு ரூல் உண்டுன்னு சொன்னியளே. அந்த ரூல வச்சு வாழைய எடுத்துருங்க. கன்ன மட்டும் எனக்கு விட்டுருங்க.”

மீனாக்ஷி இந்தியில் சொன்னாள். பட்நாகர் அதிர்ந்து போனார்.

“எந்த ரூல்? தெய்வ காரியத்துக்கு ரூல் ஏது?”

சரோஜும் மீனாக்ஷியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருமே வாயைத் திறக்கவில்லை. ரூபிக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது. படியிறங்கும்போது, “நீங்களாவது எனக்காக ஒரு வார்த்த சொல்லப்பிடாதா அக்கா?” என்று கேட்டாள். மீனாக்ஷி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்த ரூபி சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து வெட்டுகத்தியை எடுத்து, கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்ட ஆரம்பித்தாள்.

“என்ன பிள்ள செய்யப் போற?” என்றான் அகஸ்டின்.

“என் வாழைய நான் வெட்டப்போவுதேன்.”

“நாலு பேரு முன்னாலயா?”

“நாலு பேரு முன்னாலதான். ஒளிஞ்சிருந்து வெட்டதுக்கு நான் என்ன களவா எடுத்தேன்?”

வியாழக்கிழமை. வாசலில் பளிங்குப் பலகைகள், சிமென்ட் மூட்டை, கொத்தனார், கூட்டம். பட்நாகர் புதுக் குர்த்தா போட்டிருந்தார். சரோஜ் மணியை ஓங்கினாள். கதவு திறந்தது.

டியூட்டிக்குக் கிளம்பிய வெள்ளைச் சீருடையில் ரூபி வந்தாள். கையில் வெட்டுகத்தி. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னாலேயே அகஸ்டின், தலையில் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்தான். ஆனால் வந்தான்.

“ஹட் ஜாவோ,” என்றாள் ரூபி. கூட்டம் விலகியது. பிறகு ஊசி போடுமுன் எல்லோரிடமும் சொல்வதை வாழையிடமும் சொன்னாள். “தோடா தர்த் ஹோகா.” கொஞ்சம் வலிக்கும்.

முதல் வெட்டில் வாழை முறுக்கிக்கொண்டு சாய்ந்தது. அகஸ்டின் ஓடிப்போய்க் குலையைத் தோளில் தாங்கினான். இரண்டாவது வெட்டில் குலை அவனுடையது. மூன்றாவதில் மரம் மஞ்சள் கயிறுகளோடும் சால்வையோடும் பளிங்கின்மேல் விழுந்தது. கொத்தனார் சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.



“என்ன பாவம் பண்ணிட்டீங்க,” என்றார் பட்நாகர்.

ரூபிக்கு இத்தனை நாள் அடக்கியதெல்லாம் தமிழில் வந்தது. “பாவமா? குலை போட்ட வாழைய வெட்டலேன்னாதான் பாவம். கன்னு மேல சிமென்ட் பூசுகதுதான் பாவம். இத நான் மடியில வச்சு கொண்டுவந்தேன். இது இந்த மண்ணுல பிடிச்சுது, அதனாலதான் நானும் இஞ்ச இருக்கேன். இனி இந்தக் கன்னு வளரும், நான் மீன் தண்ணி ஊத்துவேன், இல அறுப்பேன், பூவ துவரன் வச்சு திம்பேன். என் வாசல்ல நான் தள்ளி நிக்க மாட்டேன். யாருக்காவது கேக்கணும்னா கேளுங்க.”

எல்லோரும் மீனாக்ஷியைப் பார்த்தார்கள். மீனாக்ஷி தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தியில் சொன்னாள். “சாமி சின்னக் கன்னுக்கு மாறிட்டார்னு சொல்றா. அவருக்கு இனிமே கூட்டம் பிடிக்காதாம்.”

இவ்வளவு நீளமாகப் பேசியது இவ்வளவுதானா என்று கூட்டத்துக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் வெட்டுகத்தி இன்னும் ரூபியின் கையில் இருந்தது. முழங்கால் அம்மா முதலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பட்நாகர் பளிங்கையும் கன்றுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் சரோஜும் மீனாக்ஷியும் மட்டும் நின்றார்கள். ரூபி கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வரட்டும், இவளையும் பார்த்துவிடலாம்.

சரோஜ் மணியைத் தரையில் வைத்தாள். குலையின் மேல் சீப்பில் மஞ்சளாகியிருந்த பழம் ஒன்றைப் பிய்த்து, தோலை உரித்து, வியாழக்கிழமையும் அதுவுமாக ஒரே வாயில் பாதியைக் கடித்தாள். ரூபியின் தோளில் கை போட்டுக் காதருகே குனிந்து சொன்னாள்.

“நல்ல வேளை வெட்டினே, ரூபி. அன்னைக்கு என் வீட்டுக்காரர்கிட்டேயிருந்து உன் வாழையைக் காப்பாத்த நானும் மீனாக்ஷியும்தான் சாமியை வரவெச்சோம்; வந்தவரை எப்படித் திருப்பி அனுப்பறதுன்னு தெரியாம இத்தனை நாளா நாங்களும் மாட்டிக்கிட்டு முழிச்சோம்.”